கீழே வைக்க முடியாத கோப்பை

"நுக்ஸர்!" என்று அழைத்துவிட்டார் விருந்துத் தலைவர்.
ஆட்டுக்கொம்புக் கோப்பை கைமாறிக் கைமாறி
என்னிடம் வந்து நிற்கிறது.
அடி கூர். வைத்தால் சாய்ந்துவிடும்.
வாழ்த்திப் பேசிவிட்டுத்தான் குடிக்க வேண்டும்,
ஸ்வானெட்டியில் அதுதான் முறை.

நாற்பது பேர்.
கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது.

ஐந்து வாக்கியம் வைத்திருந்தேன்,
பனி அள்ளும் வண்டியில், விடியுமுன்,
கண்ணாடித் துடைப்பானிடம் சொல்லிப் பார்த்தவை.
இல்லை இல்லை என்றே தலையாட்டியது அது.

"மலை..." என்றேன்.
"மலை..."
மாப்பிள்ளையின் தம்பி
சிரிப்பை இருமலுக்குள் ஒளித்தான்.
விரிப்பில் சிவப்பாய் ஒரு துளி. இன்னொன்று.

எதிரே சியூரி.
போன குளிர்காலத்தில் கணவனைப் புதைத்தவள்.
இரவில் அவள் வாசலில் விறகை இறக்கிவிட்டுக்
கதவைத் தட்டாமல் போவது யாரென்று
ஊருக்குள் இன்னும் பேச்சு.
பாதிரியார்தான் என்கிறார்கள்.
இருக்கட்டும்.

விழுந்த ரொட்டித் துண்டை எடுக்கக் குனிந்தவள்
மேசைக்கடியில் சற்று அதிக நேரம் இருந்தாள்.
என் வலது பூட்ஸில்
டயர் வெட்டி ஒட்டிய குதிகால்,
குறுக்கே மூன்று கோடு.
பனியில் அப்படியே பதியும்.

நிமிர்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
முறையை மீறி, எனக்கு முன்னால்,
தன் கோப்பையை
ஒரே மூச்சில் குடித்தாள்.

நானும்.