இருக்கலாம்

மேலூர் பஸ்ஸில் வந்து மாட்டுத்தாவணியில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார்
ஏட்டு மொக்கச்சாமி.
பிளாஸ்டிக் கூடைக்குள் மூன்று ஜாடி.
பக்கத்தில் இருந்தவள் கேட்டாளாம்,
ஊறுகாயா அண்ணே என்று.
ஆமா என்றாராம்.

அரக்கு உடையவில்லை. முத்திரை ஒத்துப்போனது.
முதல் ஜாடியில் வீரணனின் தொடையெலும்பு, ஒரு சாண்.
அடுத்ததில் அவன் கிணற்றுத் தண்ணீர்.
மூன்றாவது,
யாரும் கேட்காமல் ஏட்டு முகந்துவந்தது:
மூடிக் கிடக்கிற கல்குவாரிப் பள்ளத்துத் தண்ணீர்.
மகஜரில் எழுதியிருக்கிறதா என்றேன்.
கடைசி வரியில எழுதிட்டேன்மா,
இன்ஸ்பெக்டர் அதுவரைக்கும் படிக்க மாட்டார்.

குடித்துவிட்டுத் தன் கிணற்றில் தானே விழுந்தான்
என்றது எஃப்.ஐ.ஆர்.
ஊரும் அதையே சொன்னது.
குவாரிக்காரர் போட்டுக்கொடுத்த போர்வெல்லில்
அந்த வாரம்தான் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருந்தது.

மூழ்குகிறவன் கடைசியாகக் குடிப்பது
வெறும் தண்ணீர் இல்லை.
அதில் ஒரு பாசி இருக்கிறது,
தன்னைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்வது.
நுரையீரலைக் கிழித்து இரத்தத்தில் ஏறும்.
இதயம் இன்னும் அடித்தால்
எலும்புக்குள் போய்ச் சேரும்.
செத்தவனைத் தூக்கிப் போட்டால்
கொண்டுபோய்ச் சேர்க்க உள்ளே ஆளில்லை.

நைட்ரிக் அமிலத்தில் மஜ்ஜையைக் காய்ச்சினேன்.
பழுப்புப் புகை.
கரன்ட் போய்
எக்ஸாஸ்ட் விசிறி இரண்டு முறை நின்றது.
சித்திரை. முகமூடிக்குள் என் மூச்சே என்னைச் சுட்டது.
வீரணன் கரைந்துபோனான்.
கரையாதது குழாயின் அடியில்
ஒரு சொட்டாய் நின்றது.

நானூறு மடங்கில் பார்த்தேன்:
ஒரு தோணி.
ஓரமெல்லாம் விலா வரி.
தள்ளிப் போனால் இன்னொன்று.
பதினொன்று எண்ணினேன்.
வைகையில் நான் ஒரு தோணிகூடப் பார்த்ததில்லை.

கிணற்று நீரில் வட்ட வட்டமாய் வேறு இனம்.
குவாரி நீரில்
அதே தோணி, அதே வரி.
மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.
புளியோதரை. அதுவே மறுநாளும் தாங்கியது.

அறிக்கை ஒன்றரைப் பக்கம்.
'குவாரி நீரில் மூழ்கியிருக்கலாம்'
என்று முடித்துக் கையெழுத்திட்டேன்.

இரண்டு வருஷம் எட்டு மாசம் கழித்து சம்மன்.
மொக்கச்சாமியை அதற்குள்
உசிலம்பட்டிப் பக்கம் மாற்றியிருந்தார்கள்.

குப்பிகளை எதில் கழுவினீர்கள்?
காய்ச்சி வடித்த நீரில்.
எல்லாவற்றையுமா?
எல்லாவற்றையும்.
அந்தப் பாசி வேறு கண்மாயில் இருக்கவே இருக்காதா?
இருக்கலாம்.
அறிக்கையில் இருப்பதும் அதே 'லாம்'தானே அம்மா?

யாரோ சிரித்தார்கள்.
நூற்றில் ஒன்றுக்கும் லாம்,
நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கும் லாம்.
விகுதி ஒன்றுதான், எடைதான் வேறு
என்று சொல்ல வாய் திறந்தேன்.
ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று போதும் என்றார் வக்கீல்.
ஆமா என்றேன்.
டைப்பிஸ்ட் அதைத் தட்டினாள்.

வராந்தாவில் பஞ்சவர்ணம்.
பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டி
நூலாக்கியிருந்தாள்.
அந்த 'லாமு' எனக்கு வேணாம்மா.
விழுந்தாரா, தள்ளிவிட்டாய்ங்களா?

எங்கே என்பது என் வேலை.
யார் என்பது இல்லை.
தீர்ப்பு வரும்வரை இவளிடம் பேசவே கூடாது.
ஆனாலும் சொன்னேன்,
தண்ணிக்குள்ள போகும்போது
உசுரோடதான் இருந்தார்.

ஆறுதல் மாதிரி அது என் வாயிலிருந்து வந்தது.
வந்த பிறகுதான் கேட்டது எனக்கு.

அவள் அழவில்லை.
சுருட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.
அவருக்கு நல்லா நீச்சத் தெரியுமே, என்றாள்.
கம்மாயில அக்கரைக்குப் போயிட்டுத் திரும்புவாரே.
கையி என்னாச்சு?

எனக்கு வந்த ஜாடிகளில்
கை இல்லை.