கடைசி இரண்டு இலக்கம்

செக்காலை ரோட்டில் என் கடை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், தமிழ் டைப்பிங் பக்கம் முப்பது.
சேவுகனுக்கு இருபது.
இது பதினோராவது மனு.

ஐயா, எழுபத்தொன்று டிசம்பரில்
என்று தொடங்கினால் போதும்,
மிச்சம் விரலுக்கே தெரியும்.
கரும்புக்காடு, இரவு, பீரங்கிச் சிதறல், வலது தொடை.
தேதியில் மட்டும் ஒவ்வொரு முறையும் தயங்குவார்.
"நடுச்சாமம் தாண்டிருச்சு.
மறுநாள் தேதியே போடு தாயி."

பதிவேட்டில் அவர் தொடை முழுசாக இருக்கிறது.
காயம்: இல்லை.
காயப் பதக்கம்: இல்லை.
வெல்லிங்டனிலிருந்து வரும் பதில்களில்
தேதியும் கையெழுத்தும்தான் மாறும்.
ஆதாரம் இணைக்கப்படவில்லை.

ஆதாரம் எடுக்கக் கல்லுக்கட்டிப் பக்கம் போனோம்.
ஸ்கேன் சென்டர் பையன்
சாவிக்கொத்தைக் கழற்றி வைக்கச் சொன்னான்.
பள்ளத்தூரில் அவர் காவல் இருக்கும் வீட்டுச் சாவிகள்,
அரைக் கிலோ தேறும்.
பிறகு பெல்ட். பிறகு அரைஞாண் கயிற்றில் மாட்டிய ஊக்கு.
"இன்னும் இரும்பு ஏதாச்சும் இருக்காய்யா?"
"இருக்கு. அதைப் பிடிக்கத்தான் வந்திருக்கேன்."

கடையின் டியூப்லைட்டுக்கு நேரே படத்தைத் தூக்கினேன்.
எலும்பை ஒட்டி, வெள்ளையாய்,
புடைத்தும் போகாத கல் ஒன்று.

அப்புறம்தான் அந்தத் தாள் வந்தது,
தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியது.
பதக்கம் வழங்கியாயிற்று.
பெயர் சேவுகன். எண்ணும் அவருடையதுதான்,
கடைசியில் மட்டும் அறுபத்தொன்று
பதினாறாகப் புரண்டு கிடந்தது.

பதினாறு, சிங்கம்புணரிச் சேவுகன்.
அந்த ராத்திரி பத்து மைல் பின்னால்
சமையல் கூடாரத்தில் இருந்தவர்.
செத்து ஒன்பது வருஷம்.

எனக்குக் கை துறுதுறுத்தது.
பத்து மனுவின் கோபத்தையும் சேர்த்து அடித்தேன்:
தவறாக வழங்கப்பட்டதை நீக்கி, எனக்கு...
அச்செடுத்துக் கொடுத்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
பஸ் ஏறிவிட்டார், சிங்கம்புணரிக்கு.

புதன்கிழமை வந்து உட்கார்ந்தார்.
தண்ணீர் கேட்டார்.
"பொன்னழகுன்னு பேரு அந்தம்மாவுக்கு.
புளி போட்டு வெளக்கி வச்சிருக்கு.
குடியரசு தினத்துக்கு கலெக்டர் ஆபீசுல
முன்வரிசை நாற்காலியாம்.
'கால்ல குண்டடி பட்ட மனுசன், ஒரு நாள் நொண்டலையே'ங்குது.
அது குழம்பு கொட்டுன தழும்பு. எனக்குத் தெரியும்.
மோர் குடுத்துச்சு. குடிச்சேன்."

"அப்ப இதை என்ன செய்ய?"
"நீக்கி-ங்கிறதை எடுத்துரு.
என் பக்கத்துல மட்டும் எழுதச் சொல்லு."

ஜெராக்ஸுக்குக் காத்திருந்த
ஓய்வுபெற்ற பேங்க் கணக்கர் நாச்சியப்பன் குறுக்கிட்டார்:
"ஒரே வரவை ரெண்டு பேரேட்டுல ஏத்த முடியாதுங்க.
இங்கே வச்சா அங்கே பற்று."
இந்த ஊர்க்காரர்.
ரங்கூனில் விழுந்த தம்பிடியையும்
தாத்தா நோட்டில் பார்த்து வளர்ந்தவர்.

சேவுகன் அவரைப் பார்க்கவில்லை, பிரிண்டரைப் பார்த்தார்.
"வலிச்சது ஒருத்தனுக்குத்தான்.
பதக்கம் ரெண்டு பேர்கிட்ட இருந்துட்டுப் போகட்டுமே."

படிவத்தில் கட்டம் மூன்று:
நீக்க, திருத்த, சேர்க்க.
மூன்றாவதில் டிக் செய்தேன்.
எண் பிறழ்ந்த கதையை எடுத்தேன்.
எடுத்ததும் மனு நொண்டியது.
எக்ஸ்ரேயை இணைப்பு ஒன்றாக வைத்து
முட்டுக் கொடுத்தேன்.
எப்படி விட்டுப்போனது என்று அவர்கள் கேட்டால்?
கேட்பார்கள்.
பன்னிரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கம்போல் கடைசியில்
'தங்கள் உண்மையுள்ள' என்று அடிக்கும்போது
விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அடித்தது.

கையெழுத்துப் போட்டார்.
கீழே எண்ணை எழுதினார், ஒவ்வொன்றாக.
கடைசிக்கு வந்ததும்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
ஆறு,
பிறகு ஒன்று.