மினுங்காமல் மினுக்குதல்

வவுனியாவில் வாங்கின கோட் சூட்.
பன்னிரண்டாயிரம் சொல்லி ஒன்பதரைக்கு முடித்தது.
கழுத்து லேபிளில் இத்தாலி என்று இருக்கிறது,
ஓர் எழுத்தைக் காணவில்லை.
மாங்குளத்தில் பஸ் மாறி
முத்தையன்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது
யூரியாப் பைக்குள் சுருண்டு
அடிபட்ட கீரி மாதிரிக் கிடந்தது.

"சுகிர்தாக்கா, நாளைக்கு எழுத்து.
மினுக்கித் தாங்கோ" என்றான் கீர்த்திகன்.
உழவு மெசின் எண்ணெய் அவன் நகத்தைவிட்டு இன்னும் போகவில்லை.
தொடாதே என்றேன் முதலில்.
இன்னும் மூன்று பெடியள் இதைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்,
ஆவணியில் ஒரு கலியாணம்,
ஒரு நேர்முகத் தேர்வு,
ஒருவனுக்குச் சும்மா படம் எடுக்க.

எங்கள் பக்கம் உடுப்பை மினுக்கிறது என்றுதான் சொல்லுவம்.
இந்தத் துணிக்கு அந்தச் சொல்லே ஆபத்து.
பொலியெஸ்ரர். சூடு கூடினால்
முழங்கையும் தொடையும் நெற்றி எண்ணெய் போல மினுங்கும்.
மினுங்கினது பிறகு மங்காது.

நாலு வருஷம் கிளிநொச்சி கார்மென்ட்ஸில்
பிரஸ் பிரிவில் நின்றவள் நான்.
மணிக்கு நாற்பது சேட்டு,
போட்டவன் முகம் ஒன்றும் தெரியாது.
வலது மணிக்கட்டில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் மிச்சம்.
பார்த்தவுடனே சொல்லுவேன்,
இது தைத்த கோட் இல்லை, ஒட்டின கோட்.
மார்புக்குள்ளே இருக்கிற விறைப்புத்துணி பசையில் நிற்கிறது.
அவசரத்தில் பெட்டியை அழுத்தினால்
கொப்பளம் கொப்பளமாய் எழும்பும்,
அம்மை போட்ட கோட்டோடு மாப்பிள்ளை போகவேண்டி வரும்.

உள்ளே, ஒருவரும் பார்க்காத தையலில்
தொட்டுப் பார்த்தேன்.
பழஞ்சாரத் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து
மேலே விரித்தேன்.
இழுக்கிறதில்லை.
வைத்து எடுத்து, வைத்து எடுத்து,
தூங்குகிற பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
காற்சட்டையில் ஒரு கால் முடிந்தது.
கரண்ட் போயிற்று.

பிறகென்ன, அடுப்பில் புட்டுப் பானை.
நீத்துப்பெட்டியை இறக்கிவிட்டு
கோட்டைக் கொழுவியில் மாட்டி
ஆவிக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன்.
"மணக்காதே அக்கா?"
யூரியா மணத்துக்குப் புட்டு மணம் திறம்.
சுருக்கங்கள் ஒவ்வொன்றாய்க் கையை விட்டன.
சூட்டோடு மடிக்காதே, தொங்கட்டும்,
ஆறும்வரைக்கும் துணிக்குப் பழைய மடிப்பு ஞாபகம் இருக்கும்.

அப்பத்தான் கேட்டான்
உள்பொக்கெற் எங்கே என்று.
பொக்கெற் இல்லை.
வாய் மட்டும் தைத்து வைத்திருக்கிறார்கள், காட்சிக்கு.
அவன் கையில் தமையனின் படம்.
லமினேற் பண்ணினது. மூலை வெடித்தது.
கச்சேரி, கமிஷன், வீதியோரக் கொட்டில் என்று
தாய் பிடித்துப் பிடித்து
முகத்துக்கு மேலே பெருவிரல் அடையாளம்.
"எழுத்துக்கு அவனும் வரவேணும்."

சவர அலகால் அந்த வாயைப் பிரித்தேன்.
என் பழைய கார்மென்ட்ஸ் தலைத்துணியில்
ஒரு சதுரம் வெட்டி
குப்பி விளக்கில் கைத்தையல் போட்டேன்.
ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.
படத்துக்குச் சூடு ஆகாது,
போட்ட பிறகு அந்த இடத்தில் பெட்டி படக்கூடாது என்றேன்.
தலையாட்டினான்.
மற்றக் காலை மினுக்கவே இல்லை, பாய்க்குக் கீழே வைத்தோம்.

காலை. பொதுநோக்கு மண்டபம்.
டிலக்சனா குனிந்து கையெழுத்து வைத்தாள்.
கீர்த்திகன் குனிய
நெஞ்சுக்கு இடப்பக்கம் சதுரமாய் ஒரு புடைப்பு,
அதைச் சுற்றிச் சுருக்கம்.
"கோட்டைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கோ" என்றான் படக்காரப் பெடியன்.
அவன் இழுக்கவில்லை.
"சரி, கொம்பியூட்டரில எடுத்துவிடலாம்."
அதை விடு தம்பி என்றேன்,
வேணுமென்றால் என்ரை கழுத்துச் சுருக்கத்தை எடு.

மேலே மின்விசிறி முனகிச் சுழலத் தொடங்கியது.
இரவு போன கரண்ட்.
எல்லாரும் காற்றுக்கு முகத்தைக் கொடுக்க
எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது.
அயன்பெட்டியின் பிளக்கைக் கழற்றினேனா?