ஐந்தரைக்கு ஒரு நொடி முன்

உலகப் பொதுக் கடிகாரத்தில் நள்ளிரவு விழும்போது
முதுநகர்த் துறைமுகத்தில் விடிகாலை ஐந்தரை.
சான்றிதழ்கள் அந்த நள்ளிரவில் சாகின்றன.
எங்கள் மீன்கள் இந்த ஐந்தரையில் விலைபோகின்றன.
இரண்டும் ஒரே நொடி என்று
தொண்ணூறு நாளாகத் தெரியும் எனக்கு.

புதுப்பிக்கும் வேலையைத் தானாக ஓட வைத்திருந்தேன்.
ஓடியது. ஒரு கோப்பைத் தேடியது.
போன மாதம் அந்த ஃபோல்டரை நான்தான் இடம் மாற்றினேன்.
தோற்றுப்போனதை மூன்று முறை எழுதியும் போட்டது,
நான் திறக்காத மெயில் பெட்டிக்கு.

மஞ்சக்குப்பத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்
சங்கச் செயலாளர் வேதகிரி கூப்பிட்டபோது.
'எல்லார் செல்லும் செவப்பா நிக்குது தம்பி.
பூட்டுமேல கோடு போட்டிருக்கு.
திருடன் இருக்கலாம்னு சொல்லுது. யாரு திருடன்?'

கெடிலத்துப் பாலத்தில் பால்வண்டிக்குப் பின்னால் நின்றபடி
மனதுக்குள் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தேன்.

சான்றிதழ் பெரிய மந்திரமில்லை.
இந்த வாசல் இவனுடையதுதான் என்று
பெயர் தெரிந்த ஒருவன் போடும் கையெழுத்து.
அவனுக்கு இன்னொருவன் சாட்சி. எல்லாருக்கும் மேலே
தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஒருவன்.
அவனை யாரும் கேட்பதில்லை; ஒவ்வொரு செல்லிலும்
வாங்கும்போதே உட்கார்ந்திருக்கிறான்.
நாள் தாண்டினால் பூட்டு உடைவதில்லை.
பூட்டுக்குச் சாட்சி இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

சங்க அறையில், ஐஸ் பெட்டிமேல் லேப்டாப்.
இடம் உன்னுடையதென்றால்
நான் தரும் சீட்டை நான் சொல்லும் மூலையில் வை,
வெளியிலிருந்து வந்து பார்க்கிறேன் என்றது.
வைத்தேன். வந்து பார்த்தது.
ஆறு நாற்பதுக்குப் பூட்டு திரும்பி வந்தது.

அதற்குள் ஏலம் முடிந்திருந்தது.
சிவப்புத் திரையின் அடியில், சின்ன எழுத்தில்,
'ஆபத்தென்றாலும் தொடர்' என்று இருக்குமே,
அதை அழுத்தி உள்ளே போயிருந்தார்கள்.
கடவுச்சொல் போட்டார்கள், ஆறு இலக்கம் போட்டார்கள்,
விலையை ஒப்புக்கொண்டார்கள்,
பண்ருட்டி ஜபருல்லாவின் பணம் வந்து விழுந்தது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சோனங்குப்பத்து அஞ்சலாட்சியைத் தவிர.

தை மாதம் வலைக்கூடத்தில் முப்பது பேரை உட்காரவைத்து
நான்தான் சொல்லியிருந்தேன்:
'சிவப்பு வந்தால் கை வைக்காதீர்கள்.
நானே போனில் சொன்னாலும் வைக்காதீர்கள்.'
இருபத்தொன்பது பேர் டீ குடித்தார்கள்.

'அழுத்துக்கா, ஒண்ணும் ஆவாது' என்று
பக்கத்துக் கூடைக்காரி சொல்லியும்
முந்தானையில் செல்லை முடிந்துகொண்டு
நாற்பது கிலோ வஞ்சிரத்தின் மேல்
ஐஸ் அள்ளிப் போட்டபடி இருந்தாளாம்.
பூட்டு வந்தபோது லாரிகள் கிளம்பிவிட்டன.
உள்ளூர்க்காரன் கிலோவுக்கு இருநூறு குறைத்துக் கேட்டான்.
கொடுத்தாள்.

நாற்பது பெருக்கல் இருநூறு.
பாலத்தில் போட்ட கணக்கில் வராத எண்.

திட்டட்டும் என்று போய் நின்றேன்.
ஐஸ்தண்ணீர் சொட்டும் விரலை இடுப்பில் துடைத்துவிட்டு
செல்லைத் திருப்பிக் காட்டினாள்.
'இது நீ போட்ட பூட்டுதானே?'
'ஆமாக்கா.'
'மறுபடி செவப்பா வந்தாலும் தொடக்கூடாது, அப்படித்தானே?'

உப்பனாற்றில் ஒரு விசைப்படகு
பின்வாங்கித் திரும்பியது. அந்தச் சத்தம் முழுவதும்
கேட்டு முடியும்வரை நின்றேன்.

'தொடக்கூடாது' என்றேன்.