காரநீர்

ஜுபைலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து
கார்கள் கலையும் நேரம்
ஆப்பசோடாவைத் தட்டில் பரப்பி
ஓவனுக்குள் தள்ளினேன்.
நூற்று இருபது டிகிரி, ஒரு மணி நேரம்.
உள்ளே போனது சாது.
வெளியே வந்தது விரலைக் கடித்தது.
ஆய்வகத்திலிருந்து சட்டைப் பையில் வந்த பி.எச். தாள்
பச்சையைத் தாண்டி ஊதாவுக்குப் போனது.
யாருக்கும் காட்ட முடியாத சந்தோஷம்.

ஒக்காமுரா நாடு திரும்பும்போது
சைக்கிளை நேபாளிக்குக் கொடுத்தான்,
ரைஸ் குக்கரைக் காவலாளிக்கு,
எனக்குப் பாதிக் கட்டுக் கடற்பாசி.
மூன்று வருடம் ஒரே சவ்வுக் குழாய்களுக்கு அடியில்
மல்லாந்து படுத்துக் கசிவு தேடியவர்கள் நாங்கள்.
"கொதிக்க மட்டும் விடாதே" என்றான்.
விமான நிலையத்தில் கடைசியாகச் சொல்ல
வேறெதுவும்
எங்கள் இருவரின் ஆங்கிலத்திலும் இல்லை.

"என்ன பொத்திப் பொத்தி வைக்கிறீங்க,
அதுக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"
என்றாள் ஜெனோவா.
அதன் பெயரே கொம்புதான் என்றேன்.
நம்பவில்லை.

மிரின் இந்த நாட்டுக்குள் நுழையாது. பன்றியும்.
ஆகவே பிலிப்பைன் கடையில் கோழிக்கால், இரண்டு கிலோ,
ஒவ்வொரு விரலாக நகம் வெட்டி.
மிரினுக்குப் பதில் பேரீச்சம்பாகும் வினிகரும்.
மீன் சீவலுக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை:
ஜெனோவாவின் பெட்டியில் மாசி இருந்தது,
தூத்துக்குடிக் கட்டை, கருங்காலிபோல.
சீவிச் சாற்றில் போட்டதும்
ஒக்காமுராவின் மதிய டப்பா திறந்தது.

மாவுக்குத் தண்ணீர் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
சப்பாத்திக்குப் பழகிய கை
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்கிறது.
ஊற்றக் கூடாது.
காரநீர் பட்ட இடமெல்லாம்
மஞ்சள்தூள் போடாத மஞ்சள்.
சேரவே சேராத அந்த உதிரியைப்
பாலித்தீன் பையில் கட்டிப்
பாய்மேல் வைத்து மிதித்தேன், அரைமணி.
கீழ்வீட்டு சூடான்காரர் ஏறிவந்து கதவைத் தட்டினார்.
"மாவு" என்றேன்.
என் காலைப் பார்த்தார்.
இறங்கிப் போனார்.

இரவு அவள் வேலைக்குப் போனாள்.
அடுப்பில் சாறு
மூடியை அரை விரல் தூக்கித் தூக்கி வைத்தது.

ஏழு இருபதுக்கு ஆஸ்பத்திரிப் பேருந்து.
ஏழு நாற்பதுக்குக் கதவு.
முட்டை ஆறரை நிமிடம், நூடுல்ஸ் ஒன்றரை,
கிண்ணம் சுடுநீரில்.
எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்கிட்டு
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்,
ஆலையை நிறுத்தித் தொடங்கும் பட்டியல்போல.

ஏழு நாற்பது.
ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தைக் காணவில்லை.
புழுதி.
எட்டு மணிக்கு ஒரு செய்தி: "வண்டி நகரவே இல்ல."

சாறு காத்திருக்கும்.
காக்கவைத்தால் இன்னும் தேறும்.
நூடுல்ஸ் அப்படியில்லை,
வெந்தபின் தாமதித்தால் அது வேறு சாமான்.
எங்கள் இருவரில் யார் எது என்று
யோசிக்கப் போய், வேண்டாமென்று விட்டு,
தண்ணீர் அடுப்பைத் தணித்தேன்.
கூட்டினேன்.
மறுபடி தணித்தேன்.

ஒன்பதே கால்.
சாவிச் சத்தத்தில் போட்டேன்.
காலணி கழற்ற முப்பது நொடி.
நர்ஸ் கை கழுவ ஒரு நிமிடம்.
வடித்தபோது பின்னால் வந்து நின்றாள்,
கன்னத்தில் முகமூடிக் கோடு,
புருவத்தில் மணல்.

உட்காரவில்லை.
முதல் வாயில் சாறு உதட்டை ஒட்டியது.
இரண்டாவதை உறிஞ்சினாள், அவ்வளவு சத்தமாக,
மெல்லும் சத்தம் வந்தாலே தலையில் குட்டு வாங்கி வளர்ந்தவள்.
"நாலாம் பெட்டுல அந்த ஆளு..." என்றாள்.
நிறுத்தினாள்.
இழைகள் தீரும்வரை இருவரும் பேசவில்லை.

பிறகு நிமிர்ந்து,
கடலிலிருந்து உப்பைப் பிரித்துச்
சம்பளம் வாங்கும் என்னிடம் சொன்னாள்:
"கொஞ்சம் உப்பு கம்மி."

ஜாடியை நகர்த்தி வைத்தேன்.
எதிர்க் கட்டடம்
இன்னும் திரும்பி வரவில்லை.