கடைசி வரி கிழிந்த சூப்

டெக்சாஸிலிருந்து திரும்பி வந்த பெட்டியில்
ஏழு ஜோடி பூட்ஸ்.
குதிரைக்காரர்கள் போடுவது, கெண்டைக்கால் உயரம்.
உரு குலையாமலிருக்க உள்ளே
அந்த ஊர்ச் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள்.
ஒரே ஒரு தாளை நான் எடுத்துக்கொண்டேன்,
நீவி, நாலாய் மடித்து, ஜாக்கெட்டுக்குள்.

ராத்திரி பெனினா படித்துச் சொன்னாள்:
சூப்பாம்மா இது.
அரை மணியில் ஆறு பேருக்கு
என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது.
நாங்கள் நாலு பேர்.
மீதி ரெண்டு பேர் நாளைக் காலையில்
நாங்களேதான்.

ஓவர்டைம் இல்லாத வாரம்.
சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்
ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறது.
மேல்விஷாரத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி
அரைக் கிலோ மாட்டுக்கறி, கொத்தியது.
சத்துவாச்சாரியில் இறங்கும்போது
மலைமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது.
எதிர்பார்க்காத நேரத்தில் நுழைந்தால்
சொந்த வீடும் கொஞ்சம் கூச்சப்படுகிறது:
விரித்த பாய், தொட்டி நிறைய பாத்திரம்,
டிவி முன்னால் சட்டையில்லாத ஜாபேஸ்.

காலையில் ஊறப்போட்ட ராஜ்மா
குக்கரில் நாலு விசில்.
வெங்காயம் நாலு. தக்காளி கிலோ இருபது, ஆறு போட்டேன்.
கறியை அதன் கொழுப்பிலேயே வதக்கு என்கிறது தாள்.
அது எனக்கே தெரியும்.
சீரகம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.
பூண்டும்.
மிளகாய்த்தூள் மட்டும் அரை ஸ்பூன் என்று
யாரோ பயந்தவர் எழுதியது.
எங்கள் ஊர் வெயிலில் காய்ந்த குண்டு மிளகாய்
ரெண்டு ஸ்பூன்.
வண்டிக்காரனிடம் வாங்கிய வெந்த சோளக்கதிரை
ஜாபேஸ் உதிர்த்தான்,
சட்டிக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று.

இருபத்தேழு நிமிஷம்.
ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த தேவஇரக்கம்
வாசலிலேயே மோப்பம் பிடித்தார்.
'இன்னா இது, கறிக்குழம்புல ரசம் ஊத்திட்டியா?'

அப்போதுதான் பெனினா தாளின் அடிக்கு வந்தாள்.
'இறக்குவதற்குச் சற்று முன் மறக்காமல் சேர்க்க வேண்டியது'
அதற்குக் கீழே கிழிந்திருந்தது.
பூட்ஸின் விரல் முனையில்
சிக்கிக்கொண்டிருக்கும் மிச்சம்.

போனில் பார்க்கலாம் என்றாள். நெட் தீர்ந்திருந்தது.
'எலுமிச்சம்பழம்தான், வேற இன்னா இருக்கும்'
என்று அவரே பிழிந்தார், விதையோடு.
கொத்தமல்லி என்றாள் இவள்.
ஜாபேஸ் கேட்கவேயில்லை,
அஞ்சு ரூபாய் சிப்ஸை நொறுக்கிக் கொட்டிவிட்டான்.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் அடுப்பைச் சின்னதாக்கினேன்.

திரும்பி வந்ததில் ஒரு இடது பூட்ஸ்.
குதிகாலுக்கு மேலே மூன்றாவது வரிசையில்
ஒரு தையல் எகிறிப்போயிருந்தது, அரிசி மணி அளவு.
அங்கே யாரோ அதைச் சாக்கட்டியால் வட்டம் போட்டிருந்தார்கள்.
ஊசி மாற்றிய அன்று
என் மெஷின் ஒரு முறை விக்கியது,
எனக்கு ஞாபகம் இருந்தது.
சூப்பர்வைசர் யார் தைத்தது என்று கேட்டபோது
லைனில் இருபத்திரண்டு பேரும்
நூல்கண்டைப் பார்த்தோம்.
தாள் அந்த பூட்ஸில் இருந்ததுதான்.

'எங்கம்மா கிடைச்சுது இது?'
'கம்பெனில.'

சுடச்சுட, கிண்ணத்தில்,
பன்னைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டோம்.
ராஜ்மா வேண்டாம் என்றவன் மூன்றாவது தடவை வாங்கினான்.
'நல்லாத்தான் கீது' என்றார் அவர்,
அதற்குமேல் எந்தச் சாப்பாட்டையும்
அவர் புகழ்ந்ததில்லை.
மூக்கில் வியர்வையோடு ஜாபேஸ் கேட்டான்:
'அந்த ஊர்ல பூட்ஸ் போட்டுக்கினேவா
இத சாப்பிடுவாங்க?'
'கழட்டி வெச்சிருவாங்க' என்றேன்,
போய்ப் பார்த்தவள் மாதிரி.

நாளைக்கு வேலை உண்டா என்று
ஒன்பது மணிக்கு மேல்தான் மெசேஜ் வரும்.
குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன்.
தாளை எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்தேன்,
எழுத்து மேலே தெரிய,
கிழிந்த பக்கம் சுவரோரமாக.