கார்னருக்கு யார்

பவுலின் வீட்டு மொட்டை மாடி. கரண்ட் இல்லை.
மணலிக் காற்று கொடிக்கயிற்றில் காயும் ஜெர்ஸிகளை
மறுபடி நாற வைக்கிறது.
தரையில் சாக்பீஸால் பெனால்டி ஏரியா.
எட்டு சோடா மூடி நாங்கள்.
எதிராளிகளுக்கு மூடி போதவில்லை, புளியங்கொட்டை.
மாத்திரை அட்டை ஒன்றை மடித்து நட்டு வைத்திருக்கிறோம்:
காசிமேட்டு ஒன்பதாம் நம்பர், ஷெர்லி.
போன மாதம் கார்னரில் எகிறி
என் தோளில் கையூன்றித் தலையால் அடித்தவள்.
இன்னமும் நான் கைப்பையை
அடுத்த தோளில்தான் மாட்டுகிறேன்.

கோச் வரவில்லை. கன்டெய்னர் யார்டில் நைட் ஷிஃப்ட்.
நீங்களே முடிவு பண்ணுங்கம்மா என்று ஒரு வாய்ஸ் மெசேஜ்,
அதற்குப் பின்னால் ஏதோ வண்டி
ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப்.

ஆளைப் பிடிப்போம் என்கிறாள் தயாமணி.
தண்டல்காரன் மாதிரி.
அவ டீ குடிச்சா நீ கிளாஸ் பக்கத்துல நில்லு.
அவ தும்முனா உன் மூக்கு ஈரமாவணும்.
பந்தைப் பாக்காத, பந்து உனக்குக் கடன் படல.

இடத்தைப் பிடிப்போம் என்கிறாள் ரஷீதா.
லாரித் தண்ணிக்குக் குடம் போடுறோமே, அப்படி.
முதல் போஸ்ட்டுக்கு ஒண்ணு, நடுவுல மூணு,
கடைசி போஸ்ட்டுக்கு ஒண்ணு.
எவ வந்தா என்ன எவ போனா என்ன,
நம்ம இடத்துக்கு வர்ற பந்து நம்ம பந்து.

குடம் எகிறாதேடி.
ஓடி வந்து எகிறுறவள
நின்ன இடத்துலேர்ந்து எப்படித் தடுக்கும்?

உனக்குத் தண்டல்காரன ஏமாத்தத் தெரியாதா?
எங்கம்மா முன்வாசல்ல நின்னு அழுவாங்க,
எங்கப்பா பின்பக்கமா வேலைக்குப் போயிடுவாரு.
ஷெர்லி அழுவா, வேற எவளோ கோல் போடுவா.

எல்லாரும் சிரிக்கிறார்கள்.
எனக்கு வேறு கணக்கு ஓடுகிறது.
ஆளைப் பிடித்தால்,
கோல் விழும்போது தப்புக்குப் பெயர் இருக்கும்.
இடத்தைப் பிடித்தால் வெறும் முகவரி.
முகவரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.
இன்டர்வியூவில் வியாசர்பாடி என்றதும்
பேனாவை மூடிவிட்டு
தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் ஒருவர்.
என் தம்பியைத் தூக்கிப்போன இரவு
அவன் ஒன்றும் செய்திருக்கவில்லை.
அந்த முனையில் நின்றிருந்தான், அவ்வளவுதான்.
நின்றிருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரையும்.

ஷெர்லிய நான் பிடிக்கிறேன் என்றேன்,
மத்தவங்க குடமா நில்லுங்க.
பவுலின் மெழுகுவர்த்தியை நகர்த்தினாள்.
மாத்திரை அட்டையின் நிழல் என்மேல் விழுந்தது.

அறுபத்திரண்டாவது நிமிடம். கார்னர்.
ஷெர்லியின் முதுகில் என் முன்கை.
ஐயோடெக்ஸும் வியர்வையும்.
காதருகே கேட்டாள்:
தோள் எப்படி இருக்கு?
பதில் யோசிப்பதற்குள்
முதல் போஸ்ட்டுக்கு ஓடினாள். நானும் ஓடினேன்.
ஒட்டித்தான் ஓடினேன், கடன் பாக்கி மாதிரி.
பந்து எங்கள் இரண்டு தலைகளுக்கும் மேலாகப் போனது.
இருவரும் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பினோம்.
நான் காலி செய்துவிட்டு வந்த இடத்தில்,
ரஷீதாவின் குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் நடுவில்,
ஒரு குட்டி லெஃப்ட் பேக்.
பெயர்கூடத் தெரியாது.
மாடியில் அவள் வெறும் புளியங்கொட்டை.
எகிறினாள்.

பார் அதிர்ந்தது.
பந்து திரும்பி வந்து தயாமணியின் முழங்காலில் பட்டு
லைனைத் தாண்டி வெளியே போனது.
அவள் இடமும் அல்ல, அவள் ஆளும் அல்ல.
சும்மா அங்கே இருந்தாள்.

யார் ஆளு அது என்று கத்துகிறாள் தயாமணி.
யார் இடம் அது என்று கத்துகிறாள் ரஷீதா.
என் கைக்குள் இன்னும் ஷெர்லியின் ஜெர்ஸி கசங்கியிருக்கிறது,
என்னுடையது அவள் கையில்.
விடுடி என்றாள்.
நீ விடு என்றேன்.

மறுபடி கார்னர்.